தணிப்பு என்னும் சொல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாம் ஆண்டு நிறைவில் உரையாற்ற வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, சங்க இலக்கியத்திலோ இக்காலக் கவிதையிலோ ஒரு தலைப்பை நான் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார். வண்டிகளிலும் கட்டடங்களிலும் பாலங்களிலும் தோன்றும் அதிர்வைக் குறைப்பதற்குப் பல்கலைக்கழகங்களில் நடந்த ஆய்வைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் அமைதி நிலவியது. பிறகு, "அம்மா, கேட்கப் போகிறவர்கள் கவிஞர்கள்" என்று மெல்ல நினைவூட்டினார். அதனால்தான் இத்தலைப்பைத் தேர்ந்தேன் என்றேன். அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சொல்லால் வந்த தலைகுனிவு

என்னிடம் முன்பு பகுதி ஒன்று தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, இன்று பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அதிர்வைக் கட்டுப்படுத்துவது அவளுடைய ஆய்வுப் பொருள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வீட்டிற்கு வந்தாள். தான் படித்த ஊர்ப்பள்ளியில் தன் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், அதைத் தமிழில் சொல்ல நான் உதவ வேண்டும் என்றும் கேட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. "டாம்பிங் என்பதற்குத் தமிழில் என்னம்மா?" என்றாள். நான் சிறிதும் தயங்காமல், "தடுப்பு" என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். "இல்லைம்மா. தடுத்தா ஆட்டமே இருக்காது. இது ஆட விட்டு அடக்கறது" என்றாள். "பாடநூலில் தடையுறு அலைவு என்று உண்டே?" என்றேன். "அதுவும் நிறுத்தி வைக்கிற மாதிரிதானே கேட்குது?" என்றாள்.

முனைவர் பட்டம் பெற்று, இருபதாண்டுக்காலம் சொல்லாராய்ச்சி கற்பித்த நான் அன்று வாயடைத்து நின்றேன். பொருள் தெரியாமல் சொல் கொடுத்தேன் என்பதே உண்மை. அன்றிரவு அவளை உட்கார வைத்து, அவள் செய்வது என்ன என்பதை முதலிலிருந்து எனக்குச் சொல்லித்தரச் சொன்னேன். அதன்பின் இரண்டாண்டுகள், அவள் கொடுத்தவற்றையும் நானே தேடியவற்றையும் படித்தேன். அவ்வாறு அறிந்ததில் ஒரு பகுதியே இன்றைய உரை.

அதிர்வும் தணிப்பும்

அதிர்வு நம் இலக்கணத்துக்குப் புதியதன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்து உரியியலில், அதிர்வு, விதிர்ப்பு என்னும் இரு சொற்களும் நடுக்கம் என்னும் குறிப்பைத் தருவன என்கிறார். அச்சத்தால் வரும் நடுக்கமும், இடியால் வரும் நடுக்கமும் நம் புலவர்க்கு ஒரு சொல்லுக்குள் அடங்கின. பொறியியலார்க்கோ நடுக்கத்தின் உட்கூறுகள் தனித்தனியே வேண்டும்.

தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஆட்டிவிட்டு விலகி நின்றால், அது தனக்கே உரிய ஒரு காலவரையறையில் ஆடும். வேகமாக ஆடு என்று நாம் சொன்னாலும் கேட்காது. மெதுவாக ஆடு என்றாலும் கேட்காது. ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வாறு ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. ஒரு நொடியில் அது எத்தனைமுறை ஆடுகிறது என்பதே அதன் இயல் அதிர்வெண். பாலம், கட்டடம், பேருந்து, நம் உடம்பு ஆகிய எல்லாவற்றுக்கும் இது உண்டு. பொருளின் நிறை மிகுந்தால் ஆட்டம் மெதுவாகும். விறைப்பு மிகுந்தால் ஆட்டம் விரைவாகும்.

தொட்டில் நம்மை நோக்கி வந்து திரும்பும் அந்தக் கணத்தில் விரல் நுனியால் தொட்டால் போதும். அடுத்த ஆட்டம் பெரிதாகும். அதற்கடுத்தது இன்னும் பெரிதாகும். இவ்வாறு புறத்திலிருந்து வரும் தூண்டல், பொருளின் இயல்பான ஆட்டத்தோடு காலத்தால் ஒன்றுபடுவதே ஒத்ததிர்வு. அப்படி ஒன்றுபட்டபின் ஆட்டத்துக்கு எல்லை வகுப்பது எது? நிறையும் விறைப்பும் அல்ல. மூன்றாவதாக உள்ள ஒன்று. ஆட்டத்தின் ஆற்றலைச் சிறுகச் சிறுக வாங்கி வெப்பமாக மாற்றிக் கரைத்துவிடும் பண்பு அது. அதைத்தான் என் மாணவி "ஆட விட்டு அடக்குவது" என்றாள்.

நாங்கள் இருவரும் இறுதியில் 'தணிப்பு' என்னும் சொல்லுக்கு வந்து சேர்ந்தோம். புதிய சொல்லன்று, சிலர் முன்பே ஆண்டிருக்கவும் கூடும். எனினும் அதன் பொருத்தத்தை அன்றுதான் உணர்ந்தேன். சினம் தணிகிறது, தாகம் தணிகிறது, வெம்மை தணிகிறது என்கிறோம். இவற்றுள் எதுவும் சட்டென்று நின்றுவிடுவதில்லை, படிப்படியாகக் குறைகிறது. தடுப்பது வேறு, தணிப்பது வேறு என்பதைத் தமிழ் முன்பே அறிந்திருந்தது, நான்தான் அறியாதிருந்தேன்.

ஆடிய பாலம்

இனி இலண்டனுக்குச் செல்வோம். தேம்ஸ் ஆற்றின் குறுக்கே, நடப்போர்க்கென்றே மில்லேனியம் பாலம் கட்டப்பட்டது. 325 மீட்டர் நீளம். நடுக்கண் மட்டும் 144 மீட்டர். வடங்களை உயரத் தூக்கிக் கட்டாமல் பக்கவாட்டில் தாழ்வாக இழுத்துக் கட்டிய மெல்லிய அமைப்பு. 2000 சூன் 10 அன்று திறந்தார்கள். அன்று பல்லாயிரவர் அதில் நடந்தனர். ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர்வரை அதன்மேல் இருந்ததுண்டு. பாலம் இடமும் வலமுமாக அசையத் தொடங்கியது. மக்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டனர். சிலர் நடக்க மாட்டாமல் நின்றுவிட்டனர். இரண்டு நாள் கழித்து, சூன் 12 அன்று பாலம் மூடப்பட்டது.

பாலத்தின் வலிமையில் குறையில்லை. காற்றுக்கும் கணக்குப் பார்த்திருந்தார்கள். மேலும் கீழுமாக வரும் காலடி அதிர்வுக்கும் கணக்குப் பார்த்திருந்தார்கள். விடுபட்டது ஒன்றே ஒன்று. நாம் நடக்கும்போது ஏறத்தாழ நொடிக்கு இரண்டு அடி வைக்கிறோம். ஒவ்வோர் அடியும் தரையைக் கீழே அழுத்துவதோடு சிறிதளவு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இடக்கால் ஒருபுறம், வலக்கால் மறுபுறம். ஆகவே பக்கவாட்டுத் தள்ளல் நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை சுழன்று வருகிறது. பாலத்தின் பக்கவாட்டு ஆட்டங்களும் நொடிக்கு அரைமுறையிலிருந்து ஒருமுறை என்னும் அளவிலேயே இருந்தன.

"ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக நடந்தால் தள்ளல்கள் ஒன்றையொன்று அழித்துவிடாவோ?" என்று நீங்கள் கேட்கலாம். வடிவமைத்தோரும் அப்படித்தான் எண்ணினர். இங்கேதான் பல்கலைக்கழக ஆய்வு தேவைப்பட்டது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலும் அசையும் மேடைகளின்மேல் மனிதரை நடக்கவிட்டு, அவர்களின் பாதம் பக்கவாட்டில் தரும் விசையை அளந்தார்கள். பாலத்தின்மேலும் ஆட்களைச் சிறிது சிறிதாகக் கூட்டி நடக்கவைத்தார்கள். வடபுறக் கண்ணில் 156 பேர் நடந்தவரை குறிப்பிடத்தக்க ஆட்டமில்லை. 166 ஆனதும் ஆட்டம் விரைந்து வளர்ந்தது. இடையில் கூடியவர் பத்துப்பேர்.

நூற்றைம்பத்தாறு பேருக்கு அசையாதது மேலும் பத்துப்பேருக்கு அசைந்தது ஏன்? தரை சற்றே அசைந்தால், விழாமலிருக்க நாம் அறியாமலே காலை அகற்றி வைக்கிறோம். அவ்வாறு வைத்த கால், அசையும் திசையிலேயே பாலத்தை மேலும் தள்ளுகிறது. ஒவ்வொருவரும் பாலத்தின் தணிப்பிலிருந்து சிறிதளவு திருடிக்கொள்கிறார் எனலாம். திருட்டின் கூட்டுத்தொகை, பாலத்திடம் உள்ள தணிப்பைத் தாண்டாதவரை அசைவு எழாது. தாண்டிவிட்டாலோ ஆட்டம் தானே வளரும்.

தீர்வு இரண்டு வழிகளில் இருந்தது. ஒன்று, பாலத்தை விறைப்பாக்குவது, அதாவது தடுப்பது. அவ்வாறு செய்தால் அதன் மெல்லிய வடிவம் கெட்டுவிடும். மற்றொன்று, தணிப்பைக் கூட்டுவது. இரண்டாவதையே தேர்ந்தார்கள். பிசுக்கான நீர்மத்தைச் சிறு துளைகளின் வழியே தள்ளி ஆற்றலைக் கரைக்கும் தணிப்பான்கள் 37 பொருத்தினார்கள். பாலத்தின் ஆட்டத்துக்கு எதிராக ஆடுமாறு அளவிட்டமைத்த வில்லும் எடையும் கொண்ட தணிப்பான்கள் ஐம்பதுக்கு மேல் அமைத்தார்கள். இரண்டாம் வகை மிகப் பழையது. எர்மன் ஃபிராம் என்னும் செருமானியப் பொறியாளர் 1909இலேயே இதற்குக் காப்புரிமை கோரியிருந்தார். தைவானின் தைபெய் 101 கோபுரத்தின் உச்சிக்கருகே தொங்கும் 660 டன் எடையுள்ள உருண்டையும் இவ்வினத்தது. 2002 சனவரியில் இரண்டாயிரம் பேரை நடக்கவைத்துச் சோதித்து, பிப்ரவரி 22 அன்று பாலத்தை மீண்டும் திறந்தார்கள். இன்று அதில் நடப்போர்க்கு அந்தப் பழைய ஆட்டம் கதையாகவே தெரியும்.

இரண்டு பாடங்கள்

இக்கதையில் என்னைத் தொட்டவை இரண்டு.

முதலாவது, இந்த ஆபத்து முன்பே அறியப்பட்டிருந்தது. சப்பானில் படகுப் பந்தய அரங்கிலிருந்து வெளியேறும் கூட்டத்தால் ஒரு நடைபாலம் பக்கவாட்டில் ஆடியதை, தோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபுசினோவும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டிருந்தனர். ஆய்விதழில் அது இருந்தது. பாலம் கட்டுவோர் கைக்கொள்ளும் விதிநூல்களில் இல்லை. ஏழாண்டுகள் கழித்து இலண்டனில் பாலம் ஆடியது. அறிவு உலகில் இருப்பது போதாது. அது தேவைப்படுவோர் கையில் வந்து சேர வேண்டும்.

இரண்டாவது, ஆய்வாளர் தம் முடிவையே திருத்திக்கொண்ட நேர்மை. கூட்டம் தன்னையறியாமல் ஒரே தாளத்தில் அடிவைத்ததே ஆட்டத்துக்குக் காரணம் என்பது பரவலான கருத்தாயிற்று. இசிட்ரோகாட்சு முதலிய ஐவர் அதைக் கணிதமாக வடித்து 2005இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். கவிஞர்களுக்கு அது இனிக்கும் விளக்கம். ஆயிரம் பேர் ஒரு தாளமாவது என்றால் நமக்கு மெய்சிலிர்க்காதா? ஆனால் பிரிசுட்டல் பல்கலைக்கழகத்து மெக்டொனால்டு 2009இல் வேறொன்றைக் காட்டினார். தாளம் ஒன்றுபட வேண்டியதே இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் நடையில் நடந்து, விழாமலிருக்க முயன்றாலே பாலம் ஆடும் என்றார். 2021இல் பெலிக் முதலியோர் எழுதிய கட்டுரை இதை மேலும் நிறுவியது. ஒரே தாளம் தோன்றினாலும், அது ஆட்டத்தின் விளைவாகவே இருக்கலாம்; காரணமாக இருக்க வேண்டுவதில்லை. 2005இல் எழுதியவருள் ஒருவரான கேம்பிரிட்ஜின் ஆலன் மெக்ராபி, 2021 கட்டுரையிலும் ஓர் ஆசிரியர் என்பதை நோக்குக. அழகான விளக்கம் என்பதற்காக அவர் பழையதைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. ஒரு பாடலுக்கு நாம் சொன்ன உரை பிழையென்று தெரிந்தபின்னும், அது அழகாக இருக்கிறது என்பதற்காக வகுப்பில் தொடர்ந்து சொல்லிவருகிறோமே! நான் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் இதனை ஈண்டுக் குறிப்பிடுகிறேன்.

உடம்பும் வண்டியும்

பாலத்தின் கதை ஊரறிந்தது. வண்டியின் கதையோ உடம்புக்குள் நடப்பது. யார் கண்ணுக்கும் தெரியாதது.

என் தந்தையார் முப்பத்தோராண்டுகள் லாரி ஓட்டியவர். இரவில் வீடு திரும்பியதும் கட்டிலில் படுக்க மாட்டார். சிமெண்டுத் தரையில் துண்டை விரித்துப் படுப்பார். நானும் தம்பியும் காலை அமுக்கிவிடுவோம். "வண்டியை நிறுத்திட்டேன் பாப்பா, உடம்பு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு" என்பார். நாங்கள் அதை வேடிக்கையென்று எண்ணிச் சிரிப்போம். ஐம்பதைத் தாண்டியபின் அவரால் நிமிர்ந்து நிற்க இயலவில்லை.

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஒலி, அதிர்வு ஆய்வுக்கென ஒரு நிறுவனம் 1963இல் தொடங்கப்பட்டது. அங்கே மைக்கேல் கிரிஃபின் என்பார் மனித உடம்பு அதிர்வை எவ்வாறு ஏற்கிறது என்பதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டார். 1990இல் அவர் எழுதிய பெருநூல் இத்துறையில் அடிப்படை நூலாயிற்று. அமர்ந்திருக்கும் மனிதனின் உடம்பு, நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை மேலும் கீழுமாக வரும் அதிர்வை மிகுதியாக உணர்கிறது. அவ்வெல்லையில் இருக்கை தரும் அசைவை முதுகும் வயிறும் பெருக்கிக்கொள்கின்றன. தொட்டிலுக்கு நேர்வதே நம் குடலுக்கும் முதுகெலும்புக்கும் நேர்கிறது. நெடுங்காலம் இவ்வாறு அதிர்ந்தோர்க்கு இடுப்புவலி மிகுதி என்பதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. என் தந்தையின் முதுகுக்கு இதுவே காரணம் என்று நான் உறுதி கூற மாட்டேன்; பாரம் ஏற்றியதும் இருக்கலாம், உறக்கமின்மையும் இருக்கலாம். ஆயினும் "உடம்பு இன்னும் ஓடுகிறது" என்று அவர் சொன்னதை இனி வேடிக்கையாக எண்ண என்னால் ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஒரு நெறியாணை இயற்றி, பணியாளர் உடம்பு எட்டுமணிநேர வேலைநாளில் ஏற்கத்தக்க அதிர்வுக்கு அளவு வகுத்தது. முடுக்கம் 0.5 என்னும் அளவை எட்டினால், பணி தருவோர் அதைக் குறைக்கும் நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 என்னும் அளவைத் தாண்டவே கூடாது. அளவிட முடிந்ததால்தான் வலிக்குச் சட்டம் பிறந்தது. வலித்தவரின் சொல்லும் அளந்தவரின் எண்ணும் சேரும் இடத்தில் நீதி பிறக்கிறது.

வண்டியின் தாங்கமைப்பில் ஓர் இழுபறி உண்டு. வில் மென்மையானால் பயணம் சுகம். ஆனால் வளைவில் சக்கரம் சாலையைப் பிடிக்காது. வில் விறைத்தால் பிடிப்பு உண்டு, உடம்பு நொறுங்கும். வில், தணிப்பான் இவ்விரண்டை வைத்துக்கொண்டே பொறியாளர் நெடுங்காலம் ஈடுகட்டி வந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மால்கம் சுமித், இது போதுமா என்று கேட்டார். வில் தரும் விசை, அதன் இரு முனைகளுக்கும் இடையிலான நகர்ச்சியைப் பொறுத்தது. தணிப்பான் தருவது இருமுனைகளின் வேக வேற்றுமையைப் பொறுத்தது. அப்படியானால் இருமுனைகளின் முடுக்க வேற்றுமையைப் பொறுத்து விசைதரும் கருவி ஏன் இல்லை? நிறை அதைச் செய்யாதோ எனில், நிறைக்கு ஒரு முனைதான் கைக்கு வரும். மறுமுனை எப்போதும் நிலத்திலேயே கிடக்கிறது. மின்சுற்றையும் இயந்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது இந்த வெற்றிடம் அவர் கண்ணில் பட்டது. பற்சக்கரங்களால் சுழலும் ஒரு சிறு சக்கரத்தைக் கொண்டு அக்கருவியை அமைத்து, 'இனர்ட்டர்' எனப் பெயரிட்டு, 2002இல் வெளியிட்டார். 2005 இசுபானிய கிராண்ட் பிரீ பந்தயத்தில் மெக்லாரன் வண்டியில் அது மறைவாகப் பொருத்தப்பட்டிருந்தது; வண்டியும் வென்றது. போட்டியாளர் அறியாதிருக்க, அதற்குப் பொருளற்ற ஒரு புனைபெயரும் சூட்டியிருந்தனர். 2008இல்தான் பல்கலைக்கழகம் உண்மையை வெளியிட்டது. பின்னர் தொடர்வண்டிக்கும் கட்டடத்துக்கும் அதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் பெருகின.

இலக்கணம் கற்றோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. வாய்பாட்டை வரிசையாக எழுதிப் பார்க்கும்போது ஓரிடம் வெறுமையாக நிற்கும். அந்த வெறுமையே 'இங்கே ஒன்று இருக்க வேண்டும்' என்று சொல்லும். சுமித் கண்டது அத்தகைய வெறுமை.

என் வேண்டுகோள்

இனி, நான் ஏன் கவிஞர்களிடம் இதைப் பேசினேன் என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

தோக்கியோவில் அறிந்தது இலண்டனில் பயன்படாமற்போனதற்கு மொழி காரணமன்று. அது ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. ஒரு வட்டத்திலிருந்து மறுவட்டத்துக்கு அது கடந்து செல்லவில்லை என்பதே குறை. நம்மிடையே அந்த இடைவெளி இன்னும் அகலமானது. என் தந்தைக்கு வலி தெரியும், சொல் தெரியாது. என் மாணவிக்குக் கருத்துத் தெரியும். அதைத் தன் ஊருக்குச் சொல்லச் சொல் தேடுகிறாள். எனக்குச் சொற்கள் தெரியும், கருத்துத் தெரியாது. மூவரும் ஒரு கூரையின்கீழ் உட்காரும்வரை இம்மூன்றும் மூன்று தனித்தீவுகளே.

நம் வட்டம் பத்தாண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட கூட்டங்களை நடத்தியிருக்கிறது. பதினோராம் ஆண்டில், மூன்று திங்களுக்கு ஒரு கூட்டத்தையேனும் ஒரு பொறியியல் மாணவருக்கோ ஓர் ஓட்டுநருக்கோ ஒரு கொத்தனாருக்கோ ஒதுக்குங்கள். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். சொல் கொடுக்க அவசரப்பட வேண்டா. கேட்டு, உணர்ந்து, பிறகு கொடுப்போம். தொடக்கமாக ஒன்றை உங்கள்முன் வைக்கிறேன்: சுமித் கண்ட அக்கருவிக்கு நல்ல தமிழ்ப்பெயரை நான் இன்னும் காணவில்லை. நிலைமம் என்னும் சொல்லைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஒன்றும் நாவில் நிற்கவில்லை. உங்களுள் யாரேனும் அதன் இயல்பை அறிந்து பெயரிட்டால் என் மாணவி மகிழ்வாள்.

அவள் அன்று ஊர்ப்பள்ளியில் பேசினாள். நானும் சென்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். தணிப்பு என்று அவள் சொன்னபோது எந்தப் பிள்ளையும் பொருள் கேட்கவில்லை. ஒரு சிறுவன் மட்டும் எழுந்து, "அக்கா, எங்கப்பா டிராக்டர் ஓட்டுறாரு. அவரு சீட்டுக்கு இதை வைக்க முடியுமா?" என்று கேட்டான். இருபதாண்டு ஆசிரியப் பணியில், ஒரு சொல் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததை என் கண்ணால் கண்டது அன்றுதான்.